பதினெட்டுப் பேர் வாழ்ந்த வீடு



கடலூரைப் பற்றி நீங்கள் வரலாற்று நூல்களில் படித்திருப்பீர்கள். 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தனர். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரையுள்ள ஊர்கள் தம்முடையவை என்று எல்லை வகுத்தனர். அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. 1756-இல் இராபர்ட் கிளைவ் அக்கோட்டையின் ஆளுநராக இருந்தார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைக் கைப்பற்றினார். இவையெல்லாம் நூல்களில் இருக்கின்றன.

ஆனால் அந்தக் குண்டுகள் தலைக்குமேல் பறந்த காலத்தில் இங்கே குடியிருந்தவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், யார் தண்ணீர் இறைத்தார்கள், யார் கடைசியாக உண்டார்கள் என்பது எந்த நூலிலும் இல்லை. கோட்டைக்கு வரலாறு இருக்கிறது, வீட்டுக்கு இல்லை. இன்று நான் ஒரு வீட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கடலூரின் ஒரு பகுதியாகிய மஞ்சக்குப்பத்தில், 1950-களில், பதினெட்டுப் பேர் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் ஓட்டு வீடு அது. நான் பிறந்து வளர்ந்த வீடு.

முதலில், அத்தகைய குடும்பங்கள் அங்கே எவ்வாறு வந்தன என்று சொல்ல வேண்டும். தரங்கம்பாடிக்கு 1706-இல் சீகன்பால்கு வந்தார். அங்கே தொடங்கிய பணி விரைவிலேயே வடக்கே பரவியது. 1740-இல் ஸ்வீடன் நாட்டவராகிய கீர்னாண்டர் கடலூருக்கு வந்து, சிறுவர்களுக்குக் கல்வி புகட்டினார். 1758-இல் கோட்டை வீழ்ந்ததும் அவர் கடலூரை விட்டுப் போக நேர்ந்தது. பின்னர் கல்கத்தாவில் தம் பணியைத் தொடர்ந்தார். நூறு ஆண்டுகள் கழித்து, 1860-களில், டென்மார்க்கு நாட்டுச் சங்கம் ஒன்று தென்னார்க்காட்டில் காலூன்றியது. அதற்கு வழி வகுத்தவர் ஓக்ஸ் என்னும் ஜெர்மானியப் போதகர். அவர் முன்பு லைப்சிக் சங்கத்தில் இருந்தவர். திருச்சபைக்குள் சாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொள்வதா என்ற வழக்கில் அச்சங்கத்தோடு மாறுபட்டு வெளியேறி, கடலூருக்கு மேற்கேயுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் அமர்ந்தார். இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த டேனிஷ் பணியிலிருந்து வளர்ந்ததே. சாதி வழக்கைப் பற்றிய இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; நம் வீட்டின் பந்தியில் அது மீண்டும் வரும்.

மஞ்சக்குப்பம் மாவட்டக் கச்சேரி இருந்த ஊர். ஆங்கிலேயர் காலம் முதல் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்துக்கும், பிரிவினைக்குப்பின் கடலூர் மாவட்டத்துக்கும் தலைமையிடம் கடலூர்தான். ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கு இங்கே வேலை இருந்தது. மிஷன் பள்ளியில் படித்தவர்கள் எழுத்தராகவும், ஆசிரியராகவும், மருத்துவமனைத் தாதியராகவும் ஆயினர். நிலம் இல்லாத அக்குடும்பங்களுக்குப் படிப்பே நிலம். ஒருவர் படித்து வேலைக்குப் போனால், அவரை நம்பி ஐந்து பேர் படிக்கலாம் என்பதுதான் அவர்களுடைய பொருளாதாரம்.

எங்கள் வீடும் அப்படிப்பட்டதே. பாட்டனார் கச்சேரியில் எழுத்தராக இருந்தவர். நான் பிறக்கும் முன்பே, 1938-இல், ஒன்பது பிள்ளைகளை விட்டுவிட்டுக் காலமானார். என் நினைவு தொடங்கும்போது அந்த வீட்டில் பாட்டி இருந்தார். பெரிய அத்தை இருந்தார். மணமான மூன்று மகன்மாரும் அவர்களுடைய மனைவி மக்களும் இருந்தனர். மணமாகாத சித்தப்பா ஒருவர் இருந்தார். பள்ளியில் படிப்பதற்காக எங்களிடம் விடப்பட்ட இரண்டு கிராமத்துப் பையன்களும் இருந்தனர். ஆகப் பதினெட்டுப் பேர்.

பதினெட்டுப் பேர் ஒரு கேணியில் குளித்து, ஓர் அடுப்பில் சமைத்து, நேரம் தவறாமல் பள்ளிக்கும் கச்சேரிக்கும் போய்ச் சேர வேண்டுமானால், அங்கே ஓர் ஒழுங்கு இருந்தே தீரவேண்டும். விடியுமுன் பாட்டி எழுந்து விறகடுப்பை மூட்டுவார். சித்தப்பா தண்ணீர் இறைப்பார். பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். எந்தப் பெரியவருக்கு எந்தச் சிறியவர் என்பது முன்பே வகுக்கப்பட்டிருந்தது. என் பொறுப்பில் ஒரு தம்பி இருந்தான். அவன் காதுக்குப் பின்னால் அழுக்கு இருந்தால் வசவு எனக்குத்தான். தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையோடு வரும் மீன்கார அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து பாட்டியுடன் பேரம் பேசுவார். நெத்திலி மலிந்த நாளில் நெத்திலிக் குழம்பு. எதுவும் கிடைக்காத நாளில் கருவாடு. வஞ்சிரம் என்பது விருந்தாளி வந்தால் மட்டும் கேட்கும் சொல்.

அந்த வீட்டின் நடுநாயகமான நேரம் மாலை ஜெபம். விளக்கு ஏற்றியதும் கூடத்தில் பாய்கள் விரிக்கப்படும். பாமாலையிலிருந்து ஒரு பாட்டு, தமிழ்க் கீர்த்தனை ஒன்று. பிறகு வேத வாசிப்பு. வாசிப்புக்கு ஒரு முறை உண்டு. வேதப் புத்தகம் கைமாறிக்கொண்டே வரும். ஒவ்வொருவரும் ஒரு வசனம் வாசிக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் விலக்கில்லை. அதற்கு எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால், பக்கத்திலிருப்பவர் விரலால் சுட்டிக்காட்ட, அது சொல்சொல்லாகச் சொல்லும். அதுவரை பதினேழு பேரும் காத்திருப்பார்கள். பசித்திருந்த பெரியப்பாவும் காத்திருப்பார். யாரும் அவசரப்படுத்தியதில்லை.

சமயம் எதுவாயினும், இதில் உள்ள கல்விப் பயனை நீங்கள் காணலாம். அந்த வீட்டில் எழுத்தறியாதவர் எவரும் இல்லை. மருமகளாக வந்த ஒருவர் எழுத்தறியாமல் வந்தார். இரண்டு ஆண்டில் தம் முறைக்கான வசனத்தைத் தாமே வாசித்தார். பள்ளிக்கூடம் அவருக்குச் செய்யாததை அந்தப் பாய் செய்தது. தினமும் ஒரு சொல்லாவது உரக்கப் படிக்கவேண்டும் என்ற கட்டாயமும், தடுமாறினால் சிரிக்கமாட்டார்கள் என்ற உறுதியும் சேர்ந்தால் எவரும் படித்துவிடுவார்.

ஜெபம் முடிந்ததும் பந்தி. இங்கேதான் முன்பு சொன்ன வழக்கு வருகிறது. எங்களிடம் தங்கிப் படித்த இரண்டு பையன்களும் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர்கள். எங்கள் குலம் வேறு. கிறிஸ்தவர்களாகிய பிறகும் குலத்தை மறவாதவர்கள் எங்கள் உறவினரில் பலர் இருந்தனர். ஒருமுறை பாட்டியின் அண்ணன் விருந்தினராக வந்திருந்தார். அந்தப் பையன்கள் எங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்ததைக் கண்டு, “பையன்களுக்குப் பின்கட்டில் இலை போட்டால் என்ன?” என்று மெதுவாகக் கேட்டார். பாட்டி அவரோடு வாதாடவில்லை. எப்போதும் எல்லோரும் உண்ட பிறகே உண்பவர் அவர். அன்று ஓர் இலையை எடுத்துவந்து அந்த இரண்டு பையன்களுக்கும் நடுவே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “அண்ணா, பின்கட்டில் இடம் போதாது, நானும் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்” என்றார். அவ்வளவுதான். விருந்தினர் குனிந்து உண்டார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பந்தியில் ஒன்றுபட்ட அந்த வீடு, திருமணம் என்று வந்தபோது ஒன்றுபடவில்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் பழைய வட்டத்துக்குள்ளேயே நடந்தன. ஓக்ஸ் எழுப்பிய கேள்விக்கு எங்கள் வீடு பாதி விடை எழுதிற்று, மறுபாதியை எழுதவில்லை. பழைய நாட்களை நினைக்கும்போது இனிமையானவற்றை மட்டும் நினைத்தால், அது நினைவாகாது, அலங்காரமாகும்.

பண்டிகைகள் வரும்போது வீடு மேலும் பெரிதாகும். கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம் முன்பே அச்சு முறுக்கும் அதிரசமும் சுடத் தொடங்குவார்கள். தகர டப்பாக்களில் அடுக்கிப் பூட்டி, சாவியைப் பாட்டி இடுப்பில் செருகிக்கொள்வார். எங்கள் தெருவில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். தீபாவளிக்கு எங்களுக்கு வந்த தட்டுகளை யார் யாருடையவை என்று அத்தை குறித்து வைத்திருப்பார்; கிறிஸ்மஸில் ஒரு தட்டுகூட விட்டுப்போகாமல் திரும்பப் போகும். வெறுந்தட்டாகத் திருப்பும் வழக்கம் அந்தத் தெருவில் எவரிடமும் இல்லை. உயிர்ப்பு ஞாயிறன்று விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பாட்டனார் கல்லறையைக் கழுவிப் பூ வைப்போம். அங்கே நின்று, நேரில் காணாத பாட்டனாரைப் பற்றி ஒரு செய்தி கேட்டு வருவோம். ஆண்டுக்கு ஒரு செய்தி.

நண்பர்களே, இதுவரை சொன்னதெல்லாம் அந்த வீட்டின் வெளித்தோற்றம். அந்த வீடு எதன்மேல் நின்றது என்பதை நான் பல ஆண்டுகளுக்குப் பிறகே அறிந்தேன்.

எங்கள் குடும்ப வேதப் புத்தகத்தின் முன்பக்கங்களில், பல கிறிஸ்தவக் குடும்பங்களில் உள்ளதுபோல, பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவை எழுதப்பட்டிருந்தன. என் தந்தையின் பெயருக்கு எதிரே பல வரிகள்: பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், பட்டம் பெற்ற ஆண்டு, திருமணம், பிள்ளைகள். பெரிய அத்தையின் பெயருக்கு எதிரே இரண்டே வரிகள்: பிறப்பு, ஞானஸ்நானம். பிற்காலத்தில் மூன்றாவதாக இறப்பு சேர்ந்தது. அவருக்குத் திருமணம் ஆகவில்லை. ஆகவே எழுத ஒன்றும் இல்லை என்று எழுதியவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

ஆனால் அத்தையிடம் வேறொரு புத்தகம் இருந்தது. அது வரவு செலவுக் கணக்கு நோட்டு. ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர் அவர். தந்தை இறந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. சென்னையில் 1915 முதல் நடந்துவரும் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் சேரவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குப் பதிலாக ஆசிரியப் பயிற்சி பெற்று, பள்ளியொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய சம்பளமே வீட்டின் வருவாய். அந்த நோட்டில் மாதந்தோறும் ‘சிதம்பரம்’ என்று ஒரு வரி வருகிறது. சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது. அது எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்த உயர்கல்வி. திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறினால் ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டிச் சிதம்பரம். என் தந்தையும் அவர் தம்பியர் இருவரும் ஒருவர்பின் ஒருவராக அந்த ரயிலில் போய்ப் படித்தார்கள். பல்கலைக்கழகச் சம்பளம், விடுதிச் செலவு, ரயில் கட்டணம் எல்லாம் ‘சிதம்பரம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின.

அத்தை இறந்தபின் அந்த நோட்டுகளை நான் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். மண்ணெண்ணெய், அரிசி, மீன், சபைக் காணிக்கை, தம்பிக்குச் சட்டைத் துணி, தங்கைக்குப் பிரசவச் செலவு. பத்து ஆண்டுக் கணக்கில் அவர் தமக்கென்று எழுதிய செலவுகளைத் தேடிப் பார்த்தேன். குடை பழுதுபார்த்தது இரண்டு முறை, செருப்பு, ஒரு மூக்குக் கண்ணாடி. வேறு இல்லை.

நான் கல்லூரியில் படித்த நாட்களில் ஒருமுறை, “கல்லூரிக்குப் போகவில்லையே என்று உங்களுக்கு வருத்தம் இல்லையா, அத்தை?” என்று கேட்டிருக்கிறேன். “ஒரு ராத்திரி அழுதேன். விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டியிருந்தது” என்றார். சற்றுப் பொறுத்து, “போகட்டுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை, போகிறாயா என்று என்னையும் யாரும் கேட்கவில்லை” என்றார். குறை கூறும் குரலில் அல்ல. கணக்கு ஒப்புவிக்கும் குரலில்.

இதைத் தியாகம் என்று சொல்லி மாலை போட்டு முடித்துவிடுவது எளிது. ஆனால் ஒருவரைக் கேளாமலே அவரிடமிருந்து பெற்றுக்கொண்டதைத் தியாகம் என்று நாம் பெயரிடும்போது, நம் கடனை நாமே தள்ளுபடி செய்துகொள்கிறோம். பெரிய குடும்பம் என்பது பலரைத் தாங்கும் மரம் என்கிறோம். அந்த மரத்தின் வேர் பெரும்பாலும் ஒருவர். அவர் பெரும்பாலும் பெண்.

கடனை நினைவுகூரும் வழி ஒன்று உண்டு. கிருபாபாய் சத்தியநாதன் என்னும் பெண்மணியின் வரலாறு அதற்குச் சான்று. அவர் 1862-இல் அகமத்நகரில், கிறிஸ்தவராக மாறிய குடும்பம் ஒன்றில், பல பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவருக்குப் புத்தகங்களைத் திறந்து காட்டியவர் அவருடைய தமையன் பாஸ்கர். அவரும் இளமையிலேயே இறந்துபோனார். கிருபாபாய் 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் இடங்கொடாமையால் படிப்பைத் தொடர முடியவில்லை. சென்னைக் கிறிஸ்தவக் குடும்பமாகிய சத்தியநாதன் குடும்பத்தில் மருமகளானார். பின்னர்த் தம் இளமை வாழ்க்கையைத் தழுவிச் ‘சகுணா’ என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1887-88-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் இதழில் தொடராக வெளிவந்தது. 1894-இல் அவர் காலமானார். அந்த நாவலில் அந்தத் தமையனுக்கு நிலையான இடம் கொடுத்திருக்கிறார். இளமையில் இறந்த ஒருவரை நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அறிகிறோம் என்றால், தங்கை எழுதினார் என்பதே காரணம்.

நம் நாட்டிலேயே இன்னொரு சான்று, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, 1864-இல் தஞ்சையில் மறைந்தவர். அவர் பாடிய கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுகின்றன என்றால், அச்சுக்கு முன்பு ஏடுகளையும் இசையையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தது அவர் குடும்பம். புகழ் ஒருவருடையது, காத்த கைகள் பல.

இன்று மஞ்சக்குப்பத்தில் அந்த ஓட்டு வீடு இல்லை. பாகம் பிரித்து, மூன்று மாடி வீடுகளாகிவிட்டது. அதற்காக நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. பெரிய வீட்டில் தனிமை என்பது கிடையாது. ஒரு பிள்ளைக்கு அம்மை வந்தால் ஆறு பிள்ளைகளுக்கு வரும். மருமக்களின் இடுப்பு ஆட்டுக்கல்லிலேயே ஒடிந்தது. 2019-21-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. ஒன்பது பிள்ளைகள் பிறந்த குடும்பங்கள் திரும்பி வரப்போவதில்லை. வரவேண்டும் என்று விரும்புவதும் தாய்மாருக்கு நன்மையாகாது. ஆனால் அந்த வீடுகளில் இருந்த சில பழக்கங்களுக்குப் பதினெட்டுப் பேர் தேவையில்லை. தடுமாறிப் படிப்பவருக்காகக் காத்திருப்பதற்கு மூன்று பேர் போதும். ஒதுக்கப்பட்டவரின் பக்கத்தில் இலை போட்டு உட்காருவதற்கு ஒருவரே போதும்.

மாணவர்களாகிய உங்களிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். நீங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், உங்கள் வீட்டில் வயது முதிர்ந்தவர் ஒருவர் இருப்பார். வரும் விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று மட்டும் கேளாதீர்கள். வீட்டில் தண்ணீர் இறைத்தவர் யார், கடைசியாக உண்டவர் யார், யார் சம்பளத்தில் யார் படித்தார்கள், யாருக்கு என்ன ஆசை இருந்து நிறைவேறாமற் போயிற்று என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். தேதியும் போடுங்கள்.

எங்கள் வேதப் புத்தகத்தில் அத்தையின் பெயருக்கு எதிரே இப்போது நான்காவது வரி ஒன்று இருக்கிறது. ‘முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியை, தம்பியர் மூவரைப் பட்டதாரிகளாக்கினார்’ என்பது அவ்வரி. அது தாமதமாக எழுதப்பட்ட வரி. உங்கள் வீட்டில் எழுதவேண்டிய வரியை, அதைப் படித்து மகிழக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்.